மரவீட்டில் ஓர் இரவு: கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் தங்கப் போகிறவர்களுக்கு

மரவீட்டை வாடகைக்கு எடுப்பவர்கள் பெரும்பாலும் படத்தைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். வட்ட ஜன்னல், கூரையில் கண்ணாடி, தரைப்பலகையைத் துளைத்துக்கொண்டு மேலே போகும் அடிமரம், பக்கத்து மரத்துக்கு ஒரு கயிற்றுப் பாலம். வித்தியாசமாக யோசித்துக் கட்டிய வீட்டில் ஒரு நாளாவது தங்க வேண்டும் என்பது நல்ல ஆசை. ஆனால் அந்த இரவு நன்றாகக் கழியுமா என்பதைத் தீர்மானிக்கும் விஷயங்கள் படத்தில் தெரியாது. அது எந்த மரம், வீடு அதில் எப்படி மாட்டப்பட்டிருக்கிறது, நீங்கள் எந்த மாதம் போகிறீர்கள் என்பதையெல்லாம் முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தப் பக்கத்துக்கு மரத்தின் மேல் இரவைக் கழிப்பது புதிதல்ல. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் ராகிக் கொல்லைகளில் யானைக்கும் பன்றிக்கும் காவல் இருக்கப் பரண் கட்டுவார்கள். நாலு கவட்டை, சில கழிகள், கயிறு, மேலே தென்னங்கீற்று. அறுப்பு முடிந்ததும் அவிழ்த்துவிடுவார்கள். கயிறு மரத்தில் சில மாதங்கள்தான் இருக்கும் என்பதால் மரத்துக்குச் சேதம் இல்லை. மரவீடு அப்படியல்ல. பத்து, பதினைந்து வருடம் அதே மரத்தில் இருக்கும். அதற்குள் மரம் பருத்துவிடும். மரவீட்டில் எது சரி, எது தவறு என்பதெல்லாம் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

எந்த மரம்

கிருஷ்ணகிரி என்றால் மாந்தோப்பு. பெங்களூரா, செந்தூரா, அல்போன்சா, மல்கோவா, நீலம் என்று வணிகத்துக்கு வைத்தவை எல்லாம் ஒட்டு மரங்கள். ஒட்டுமா இடுப்புயரத்திலேயே கிளை பிரிந்து பக்கவாட்டில் படரும், அடிமரம் குட்டை. பத்துக்குப் பத்து அறையைத் தனியே தாங்கும் உடற்கட்டு அதற்கு இல்லை. ஒட்டுமாவின் நடுவே வீடு இருந்தால் அதன் பாரம் தரையில் ஊன்றிய இரும்புத் தூண்களில்தான் இறங்க வேண்டும். தூணில் நிற்கும் வீட்டைப் போலி மரவீடு என்று ஒதுக்க வேண்டாம். மரம் வீட்டின் தரைப்பலகையைத் துளைத்து நிழல் மட்டும் தர, பாரம் முழுதும் தூணில் இறங்குவதுதான் மாந்தோப்பில் நேர்மையான வடிவமைப்பு.

விதையிலிருந்து வளர்ந்த பழைய நாட்டுமா என்றால் பேச்சு வேறு. அடிமரம் உயரமாகவும் நேராகவும் இருக்கும். புளி அதைவிட உறுதி. வேர் ஆழம், கிளை காற்றுக்கு எளிதில் முறியாது. ஆனால் வயதான புளியின் உள்ளே பொந்து விழுந்திருக்கலாம். வேம்பு, புங்கன் சிறிய வீட்டுக்குப் போதும். முருங்கை, இலவம், குல்மோகர், தைலமரம் ஆகியவற்றில் வீடு மாட்டியிருந்தால் அங்கே தங்காதீர்கள். இவற்றின் கிளைகள் முன்னறிவிப்பு இல்லாமல் முறியும் குணம் கொண்டவை.

புளியமரம் என்றதும் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். இரவில் புளியமரத்துப் பக்கம் போகாதே என்று சொல்லி வளர்த்தவர்கள் அவர்கள். அவர்களையும் அழைத்துப் போவதாக இருந்தால் எந்த மரம் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். அங்கே போய் இறங்கியபின் சொன்னால் ராத்திரி முழுக்கத் தூங்க மாட்டார்கள்.

போய்ச் சேர்ந்ததும் பையை இறக்குமுன் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். ஐந்து நிமிடம் போதும். அடியில் பலகை போல ஒட்டிக்கொண்டிருக்கும் காளான் இருந்தால் உள்ளே அழுகல் இருக்கிறது. மாமரத்தின் தண்டில் விரல் நுழையும் துளையும், அதன் கீழே மரத்தூளும், பிசின் வடிந்த தடமும் தெரிந்தால் தண்டுத் துளைப்பான் புழு உள்ளே தின்றுகொண்டிருக்கிறது. மரம் ஒரு பக்கம் சாய்ந்து, எதிர்ப்பக்கத்தில் மண் வெடித்து மேலெழும்பியிருந்தால் வேர் பிடி விட்டுக்கொண்டிருக்கிறது. அந்த வீட்டில் ஏறவே கூடாது. கட்டைவிரலை மடக்கி அடிமரத்தை நாலைந்து இடத்தில் தட்டிப் பாருங்கள். திண்ணென்ற சத்தத்துக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் டொம்மென்று கேட்டால் அந்த இடத்தைக் காட்டி உரிமையாளரிடம் கேளுங்கள். மேலே பார்க்கும்போது இலையில்லாமல் காய்ந்து நிற்கும் கிளை கூரைக்கு நேர்மேலே இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

எப்படி மாட்டியிருக்கிறார்கள்

மரத்தின் உயிர் பட்டைக்கு அடியில் ஓடுகிறது. இலையில் தயாராகும் உணவு வேருக்கு இறங்குவது பட்டையின் உட்புறம் வழியாக. கம்பியையோ இரும்புப் பட்டையையோ அடிமரத்தைச் சுற்றி இறுக்கி, அதன்மேல் உத்தரத்தை வைத்தால் முதல் வருடம் ஒன்றும் தெரியாது. மரம் பருக்கப் பருக்கக் கம்பி உள்ளே புதைந்து அந்த ஓட்டத்தை நெரிக்கும். வேர் பட்டினி கிடந்து மரம் மேலிருந்து காய்ந்துகொண்டே வரும். துளை போட்டு போல்ட் இறக்குவது கொடுமையாகத் தோன்றும், கயிறு கட்டுவது கருணையாகத் தோன்றும். மரத்துக்கு நடப்பது இதற்கு நேர் எதிர். ஒற்றைத் துளையை மரம் தன் போக்கில் சுற்றிலும் அடைத்து, காயத்தைத் தனிமைப்படுத்திவிடும்.

அதற்கும் விதி உண்டு. மரவீட்டுக்கென்றே செய்யும் போல்ட் ஒன்றேகால் அங்குலத் தடிமன் இருக்கும். நடுவே அகலமான கழுத்து. அது ஆறு அங்குலம் போல மரத்துக்குள் இறங்கி, மீதி வெளியே நீட்டிக்கொண்டு உத்தரத்தைத் தாங்கும். இப்படித் தடித்த போல்ட் நாலு இருப்பது, மெல்லிய போல்ட்டும் ஆணியும் நாற்பது இருப்பதைவிட எவ்வளவோ மேல். நெருக்கமாக அடித்த பல துளைகளை மரம் ஒரே பெரிய காயமாக எடுத்துக்கொண்டு அந்தப் பகுதி முழுதையும் கைவிடும். அங்கேதான் அழுகல் தொடங்கும். ஒரு துளைக்கும் அடுத்ததற்கும் ஒரு அடிக்கு மேல் இடைவெளி வேண்டும். போல்ட் இறங்கும் இடத்தில் அடிமரம் ஒரு அடியாவது குறுக்களவு இருக்க வேண்டும். முழு அறையும் ஒரே மரத்தில் என்றால் இரண்டடிக்குக் குறையக் கூடாது.

இரண்டு மரங்களுக்கு நடுவே மாட்டிய வீடு என்றால் உத்தரத்தின் இரண்டு முனைகளையும் பாருங்கள். ஒரு முனை இறுகியும் மறுமுனை நகர இடம்விட்டும் இருக்க வேண்டும். காற்றில் இரண்டு மரமும் ஒரே திசையில் ஆடாது. இரண்டு முனையையும் வெல்டிங் வைத்து இறுக்கிவிட்டால் ஒன்று போல்ட் வளையும், இல்லையென்றால் உத்தரம் பிளக்கும். நகரும் முனையில் இரும்பு உராய்ந்து பளபளப்பாக இருந்தால் அது சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

அடிமரம் தரையைத் துளைத்து வரும் இடத்தில் சுற்றிலும் குறைந்தது இரண்டு, மூன்று அங்குல வெளி வேண்டும். அழகுக்காகப் பலகையை மரத்தோடு ஒட்டச் செதுக்கியிருந்தால் காற்றடிக்கும்போது தரையே முனகும்; மரமும் அந்த இடத்தில் தேய்ந்து காயப்படும். அந்த வெளியை ரப்பர் அல்லது தார்ப்பாய்த் துணியால் மூடியிருப்பார்கள். மழைநீர் அடிமரத்தின் வழியே ஓடை போல இறங்கும் என்பதால் கூரையைத் துளைக்கும் இடத்திலும் இந்த மறைப்பு இருக்க வேண்டும். அங்கே தரையில் கறுத்த தண்ணீர்க் கறை இருந்தால் மழைநாளில் உங்கள் மெத்தை நனையும்.

தங்கும் அறைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ பாரம், பால்கனிக்கு 300 கிலோ என்று கணக்குப் போடுவது இந்தியத் தரவிதி. பத்தடிக்குப் பத்தடி அறைக்கு அது சுமார் 1,850 கிலோ. நாலு பேர் படுத்துத் தூங்குவதால் அந்தக் கணக்கு உடையாது. சிக்கல் வருவது எட்டுப் பேர் ஒரே ஓரத்தில் கைப்பிடியில் சாய்ந்து செல்ஃபி எடுக்கும்போது. கைப்பிடி மூன்றரை அடி உயரம் இருக்க வேண்டும்; கம்பிகளுக்கு நடுவே நாலு அங்குலத்துக்குமேல் இடைவெளி இருந்தால் குழந்தையின் உடல் நுழைந்துவிடும். இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து வெளிப்பக்கம் அழுத்திப் பாருங்கள். ஆடினால் அன்றிரவு பால்கனிப் பக்கம் போகாதீர்கள்.

தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். ஆயிரம் லிட்டர் தொட்டி நிறைந்தால் ஒரு டன்னுக்கு மேல். அது தரையிலோ தனி மேடையிலோ இருக்க வேண்டும், உங்கள் தலைக்குமேல் கிளையில் அல்ல.

சுவரெல்லாம் கண்ணாடியாக, நிலைக்கண்ணாடியாக வடிவமைப்பதும் இப்போது பரவுகிறது. சுவீடனில் ஹராட்ஸ் கிராமத்தில் 2010இல் திறந்த விடுதியில் நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் கனசதுரமாக, காடு முழுதும் தன்மேல் பிரதிபலிக்கும் ஒரு மரவீடு இருக்கிறது. பறவைகள் அதில் மோதிச் சாகாமலிருக்கக் கண்ணாடியில் தனிப் படலம் ஒட்டியிருக்கிறார்கள். நம் தோப்புகளில் மைனாவும் கிளியும் அதிகம். படலமோ கோடுகளோ இல்லாத பெரிய கண்ணாடி இருந்தால் பகலில் திரையை மூடிவையுங்கள், உரிமையாளரிடமும் சொல்லுங்கள்.

எந்த மாதம்

மாந்தோப்புக்குப் போகிறவர்கள் தோப்பின் வருடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மார்கழியிலிருந்து மாசி வரை பூப்பருவம். தத்துப்பூச்சிக்கும் சாம்பல் நோய்க்கும் மருந்தடிக்கும் காலம் அதுதான். குளிர் இதமாக இருக்கிறது, பூ மணக்கிறது என்று இந்த மாதங்களில் பலர் போகிறார்கள். பூக்கிற கிளைக்கு நடுவே படுத்திருப்பவர் மேல்தான் அந்த மருந்தும் இறங்கும். கடைசியாக எப்போது மருந்தடித்தீர்கள், நாங்கள் தங்கும் நாட்களிலோ பக்கத்துத் தோப்பிலோ அடிக்கப் போகிறீர்களா என்று தேதி கேட்டு வாங்குங்கள். குழந்தைகளையும் ஆஸ்துமாக்காரர்களையும் பூப்பருவத்தில் மாமரத்துக்கு அழைத்துப் போகாமலிருப்பதே நல்லது.

சித்திரை, வைகாசியில் காய் பெருத்துத் தொங்கும். பார்க்க அதைவிட அழகு இல்லை. ஆனால் கோடைமழை இடியோடு வருவதும் அப்போதுதான். அறுவடை தொடங்கிவிட்டால் விடியுமுன்பே டிராக்டரும் கூடைகளும் வந்துவிடும். ராத்திரி பழந்தின்னி வௌவால்கள் வரும். தகரக் கூரையில் அரைக்கிலோ பெங்களூரா விழுந்தால் தூக்கிவாரிப் போடும். அது காய் என்று தெரிந்திருந்தால் மறுபடி தூங்கலாம். ஆடியில் காற்று பலம். வீடு ஆடினால் தலைசுற்றுகிறவர்கள் அந்த மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

மாமரத்துக்கு எங்கள் பரிந்துரை ஆவணியின் முதல் பாதி: அறுவடை முடிந்து தோப்பு ஓய்ந்திருக்கும், மருந்தில்லை, கூட்டமில்லை. புளி, வேம்பு, ஆல் போன்ற மரங்களில் என்றால் தையும் மாசியும். ஓசூர், தளிப் பக்கம் அப்போது இரவுக் குளிர் கடுமை. பலகைத் தரையின் அடியிலிருந்தும் காற்று வரும் என்பதால் மேலே போர்த்தக் கம்பளி இருந்தால் மட்டும் போதாது, கீழே விரிக்கவும் ஒன்று வேண்டும்.

போனில் கேட்க வேண்டியது

"அண்ணா, வீடு மரத்துல மாட்டினதா, தூண்ல நிக்குதா? போல்ட்டைக் கடைசியா எப்போ பாத்தீங்க? கழிப்பறை மேலயா, கீழயா? இடி வந்தா நாங்க இறங்கி இருக்க கான்கிரீட் கட்டடம் எவ்வளவு தூரத்துல இருக்கு?" இந்த நாலுக்கும் தடங்கலில்லாமல் பதில் சொல்கிறவர் வீட்டைப் பராமரிக்கிறவர். அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க என்று மட்டும் சொன்னால் வேறிடம் பாருங்கள்.

முழங்கால் வலி உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வலிப்பு நோய் உள்ளவர்கள், தூக்கத்தில் நடப்பவர்கள் ஏணி வைத்த வீட்டுக்குப் போக வேண்டாம். இரவில் உடம்புக்கு முடியாமல் போனால் செங்குத்தான ஏணியில் ஒருவரைத் தூக்கி இறக்குவது மிகக் கடினம். அகலமான படிக்கட்டு வைத்த வீடுகளும் உண்டு. அவர்களுக்கு அதைத் தேடுங்கள்.

ஏறியபின்

ஏணியில் இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். இரண்டு கால், இரண்டு கை என்ற நாலில் மூன்று எப்போதும் ஏணியைப் பிடித்திருக்க வேண்டும். இறங்கும்போதும் முகம் ஏணியைப் பார்த்தே இருக்கட்டும். படி என்று நினைத்து முன்பக்கமாக இறங்குகிறவர்கள்தான் பெரும்பாலும் வழுக்குகிறார்கள். பைகளைக் கயிறும் கப்பியும் வைத்து ஏற்றுங்கள், ஒரு தடவைக்கு எட்டு, பத்துக் கிலோவுக்குள். கீழே நிற்பவர் பைக்கு நேர் அடியில் நிற்கக் கூடாது. தலையில் மாட்டும் டார்ச் ஆளுக்கு ஒன்று கொண்டுபோங்கள். போனை வாயில் கடித்துக்கொண்டு இரவில் ஏணி இறங்குவது வேண்டாம்.

மேலே நெருப்பு கூடாது. கொசுவத்தி, ஊதுவத்தி, விளக்கு எதுவும். காய்ந்த கீற்றும் மூங்கிலும் பலகையும் பற்றினால் இறங்க இருப்பது ஒரே வழி. கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள். மலைத்தேனீக் கூடு அருகில் இருந்தால் புகை இன்னும் ஆபத்து. அழுத்தமான செண்டும் பூசாதீர்கள். ராகிக் களியும் கீரைக் கடைசலும் நாட்டுக்கோழிக் குழம்பும் கீழே சமைத்து, கீழேயே சாப்பிட்டுவிட்டு ஏறுவது நல்லது. மேலே மிச்சம் வைத்தால் எறும்பு வரும், விடிந்ததும் குரங்கு வரும். வாழைப்பழச் சீப்பைக் குரங்கின் கண்ணில் படும்படி வைத்தால் ஜன்னல் வலை கிழிந்துவிடும்.

மாமரத்தில் இலைகளைச் சேர்த்துத் தைத்து முசுறு எறும்பு கூடு கட்டியிருக்கும். கடித்தால் எரியும், வேறு கெடுதல் இல்லை. கூட்டைக் கலைக்காதீர்கள், கைப்பிடியில் கைவைக்குமுன் பார்த்து வையுங்கள். பச்சைப்பாம்பும் கொம்பேறிமூக்கனும் கிளையில் தென்படலாம். கொம்பேறிமூக்கன் கடித்துவிட்டுச் சுடுகாட்டில் காத்திருக்கும் என்பது கதை. அதற்கு மனிதரைக் கொல்லும் நஞ்சு கிடையாது. பயப்பட வேண்டியது தரையில். கண்ணாடிவிரியனும் கட்டுவிரியனும் இரவில் நடமாடுபவை. கீழே கழிப்பறைக்குப் போகும்போது செருப்பும் வெளிச்சமும் இல்லாமல் ஓரடிகூட வைக்காதீர்கள். கடித்துவிட்டால் கட்டுப்போட வேண்டாம், கீற வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108ஐ அழைத்து கிருஷ்ணகிரி அல்லது தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள்.

மேலேயே உலர்கழிப்பறை வைத்திருந்தால் அதில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஒவ்வொரு தடவையும் ஒரு குவளை மரத்தூளோ தேங்காய்நார்த் தூளோ போட வேண்டும். நாற்றம் வருகிறதென்றால் தூள் போதவில்லை, அல்லது ஈரம் சேர்ந்துவிட்டது.

காற்றில் வீடு ஆடும், ஆட வேண்டும். ஒரே தாளத்தில் கிரீச் கிரீச்சென்றால் பலகையும் இரும்பும் உராய்கின்றன, தூங்கலாம். படுக்கைத் தலைமாட்டை அடிமரத்துப் பக்கம் வைத்தால் ஆட்டம் குறைவாகத் தெரியும். பட்டென்று வெடிக்கும் சத்தம் கேட்டாலோ, தரை ஒரு பக்கம் சாய்ந்ததாகத் தோன்றினாலோ சாமானை விட்டுவிட்டு ஒருவர்பின் ஒருவராக இறங்கிவிடுங்கள்.

இடிக்கு மட்டும் பேரமே இல்லை. முதல் இடி காதில் விழுந்ததும் இறங்கி, கான்கிரீட் கட்டடத்துக்கோ கதவு மூடிய காருக்கோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழிந்தபின்தான் திரும்ப ஏறலாம். மின்னல் மரத்தில் இறங்கும்போது ஈரமான அடிமரத்திலிருந்து பக்கத்தில் இருக்கும் மனித உடம்புக்குத் தாவும். அறைக்குள்ளேயே அடிமரம் போகும் வீட்டில் உங்களுக்கும் அதற்கும் இடையே சுவர்கூட இல்லை. மரத்தில் இடிதாங்கி வைத்திருக்கிறோம் என்பார்கள். அது மரம் பிளக்காமல் காக்க உதவும். உள்ளே இருப்பவருக்கு அது உத்தரவாதமல்ல.

காட்டோரத் தோப்பு என்றால் இருட்டியபின் நடை வேண்டாம். ராகி விளையும் ஐப்பசி தொடங்கித் தை வரை ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானைக்கூட்டங்கள் கொல்லைகளுக்கு இறங்கும். யானை வந்துவிட்டால் மேலேயே விளக்கணைத்து அமைதியாக இருங்கள். டார்ச் அடிப்பதும் வீடியோவுக்காக இறங்குவதும் உயிருக்கு ஆபத்து.

பகலில் கோட்டை

மரவீட்டில் நடுப்பகல்தான் நன்றாக இருக்கும். நிழலும் காற்றும் அப்போதுதான் தேவை. ஊர் பார்க்கும் வேலையைக் காலையில் முடியுங்கள். கிருஷ்ணகிரிக் கோட்டை ஏறுவது செங்குத்து. ஆறரைக்குத் தொடங்கினால் பாறை சுடுமுன் இறங்கிவிடலாம். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும். மழைக்காலத்தில் பாசிப் படிகள் வழுக்கும். பாராமகால் என்று அழைக்கப்பட்ட இந்த நாட்டை 1792 சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு விட்டுக்கொடுத்தார். அதற்கு முந்தைய வருடமே ராயக்கோட்டை அவர்கள் கையில் விழுந்துவிட்டது. இரண்டு கோட்டைகளையும் ஒரே காலையில் ஏறப் பார்க்காதீர்கள். ராயக்கோட்டைக்குத் தருமபுரி–ஓசூர் பாதையில் ரயில் நிற்கும். கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் கிடையாது.

மல்லச்சந்திரத்தில் உள்ள கற்திட்டைகள், அதாவது பலகைக்கல்லால் கட்டிய பழங்கால ஈமச்சின்னங்கள் மேல் ஏறிப் படமெடுக்க வேண்டாம். பலகைக்கற்கள் ஒன்றையொன்று தாங்கித்தான் நிற்கின்றன. பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அரசு அறிவித்தது. தருமபுரிப் பக்கம் தங்கினால் அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலின் ஓவியங்களைப் பாருங்கள். நடுகற்களுக்குக் கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு ஊர் அருங்காட்சியகங்களும் இருக்கின்றன. தோப்பின் வரப்பிலேயே எண்ணெயும் மஞ்சளும் பூசிய நடுகல் நிற்கலாம். அது கும்பிடும் கல். அதில் துணி காயப்போடவோ சாய்ந்து உட்காரவோ கூடாது.

கிளம்பும் நாளில் பையை இறக்கியபின் ஒருமுறை அடியில் போய் உத்தரங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். கழன்ற நட்டு, புதிதாகக் கொட்டிய மரத்தூள், துருப்பிடித்த வாஷர் எதுவானாலும் படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்புங்கள். அடுத்த குடும்பம் அன்று மாலையே ஏறப் போகிறது.